அடியில் சிவப்பு

வல்லம் வடகாலில், வாடகை அறையில், மாரிசெல்வி ஸ்கார்ஃப் தைத்துக்கொண்டிருந்தாள். நான்கு மெல்லிய நீலத் துணிகளை அடுக்கி, நெருக்கமாகக் கோடு கோடாகத் தைக்க வேண்டும். கோடுகளுக்கு நடுவே மேல் மூன்றை மட்டும் வெட்ட வேண்டும். அலசி உலர்த்தினால் வெட்டிய விளிம்புகள் பூத்து மெத்தென்று ஆகும். அடித்துணிதான் எல்லாவற்றையும் பிடித்திருக்கும்.

கொரியக் குடும்பங்கள் துணி வாங்கும் கடையின் முதலாளி மாலையில் வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்துவிட்டால் அவள் ஷிஃப்ட் வேலை பார்க்கும் கம்பெனிக்குத் திரும்ப வேண்டாம்.

கடைசிக் கோட்டில் கத்தரி அடித்துணியையும் வெட்டிவிட்டது.

“எல்லாம் போச்சுக்கா. ஓட்டை விழுந்துட்டு.”

வீட்டுக்காரரின் மருமகள் தேவிப்பிரியா எட்டிப் பார்த்தாள். “எங்கடி ஓட்டை? உள்ள செவப்புத் துணி கீதே.”

மாரிசெல்வி சிவப்பு எதையும் அடுக்கவில்லை. அறையில் எங்குமே சிவப்புத் துணி இல்லை. ஸ்கார்ஃபைத் திருப்பினாள். பின்பக்கம் முழுவதும் சிவப்பு. ஒரு வெட்டும் இல்லை.

அலசி வெயிலில் போட்டாள். நீலத்தின் நடுவே சிவப்பு ஒரு நரம்பு போல ஓடியது.

மாலையில் வந்த கடைக்காரர் அதைத் தடவிய கையை எடுக்கவில்லை. “எவ்ளோ தைச்சாலும் எடுத்துக்கறேன்மா. இந்தச் செவப்ப மட்டும் மாத்திடாத.”

“இனிமே ஷிஃப்டும் இல்ல, ஓவர்டைமும் இல்ல. சூப்பர்வைசர் மூஞ்சில அந்த ஐடி கார்ட வீசிட்டு வாடி!” என்றாள் தேவிப்பிரியா.

அவர்கள் போனதும் மாரிசெல்வி மேசையில் ஒரே ஒரு வெள்ளைத் துணியை விரித்தாள். கோடு கோடாகத் தைத்தாள். வெட்டினாள். சிவப்பு தெரிந்தது.

சிரித்துக்கொண்டே அதையும் வெட்டினாள். அதற்கும் அடியில் துணி இருந்தது.