திரையின் அடியில்

சாப்பாட்டு மேஜைமேல் அந்தப் பழைய லேப்டாப் பிடித்து வைத்த பிள்ளையார்போல் உட்கார்ந்திருக்கிறது. புதிய இயங்குதளம் பாதி ஏறியதோடு நின்றுவிட்டது. நாளை வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு அண்ணி இதன் முன்னால்தான் உட்கார்ந்தாக வேண்டும். "பேரீச்சம்பழத்துக்குப் போட்டாக்கூட எவனும் வாங்க மாட்டான்" என்று சோபாவிலிருந்து அவள் கணவன் சிரிக்கிறான். நாத்தனார் குனிந்து விசைப்பலகையில் காதை வைத்துக் கேட்கிறாள். "அண்ணி, ஃபேன் ஓடுது. உயிர் இருக்கு." திரையின் அடிப்பகுதி மட்டும் வெளிச்சம் செத்துப்போய் வருடக் கணக்காகிறது, அங்கே யாரும் பார்ப்பதே இல்லை. சன்னல் வெயில் மெல்ல நகர்ந்து வந்து அந்தக் கறுப்புப் பட்டையில் சாய்வாக விழ, எறும்புச் சாரைபோல் ஏதோ எழுத்துகள். அண்ணி செல்போன் டார்ச்சை அதன்மேல் அடிக்கிறாள். 'தொடர, எண்டரை அழுத்தவும்.' "அடப்பாவி! காலையிலேர்ந்து நம்மகிட்டதான் கேட்டுக்கிட்டு இருந்திருக்கு!" இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். அண்ணி எண்டரைத் தட்டுகிறாள். ஃபேன் இரைகிறது, பச்சைக் கோடு வழுக்கிக்கொண்டு ஓடி மறுமுனையைத் தொடுகிறது. கடைசியாக, இந்தக் கணினிக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று திரை பணிவாகக் கேட்கிறது. அண்ணி கணவனை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, ஒவ்வோர் எழுத்தாக ரசித்துத் தட்டுகிறாள்: பேரீச்சம்பழம்.