சங்கீதத்தைத் தின்ற பூச்சி

ஒரு கிறிஸ்தவக் கோயிலில், பிரசங்கபீடத்து வேதப்புத்தகத்துக்குள் ஒரு பூச்சி குடியிருந்தது. ஆதியாகமத்தில் வாய்வைத்தது, சங்கீதப் புத்தகம்வரை துளைத்து வந்தும் பசி அடங்கவில்லை.

“முழு வேதமும் உள்ளே போனால் அடங்கிவிடும், அண்ணே,” என்றது சுவரிலிருந்த பல்லியிடம்.

“வெறும் சட்டமாயிருக்கிற லேவியராகமத்தையே உப்பில்லாமல் தின்றவனாச்சே நீ! நடக்கட்டும், நடக்கட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகரான ஐயர், கர்த்தரை மேய்ப்பனாகப் பாடும் சங்கீதத்தை வாசித்தார். மரண இருளின் பள்ளத்தாக்கு வந்த இடத்தில் வரியைக் காணோம், ஓட்டைதான் இருந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திகைத்து நின்றார்.

“தொலைந்தேன்!” என்று பூச்சி ஒடுங்கியது.

அப்போது, பாயில் காணிக்கைப் பிடியரிசிப் பையோடு உட்கார்ந்திருந்த எப்சிபாள், போன மாதம் மகனைப் பறிகொடுத்தவள், அவர் விட்ட வரியை மனப்பாடமாக மெல்லச் சொன்னாள். அடுத்த மூச்சில் கோயில் முழுவதும் அவளோடு சேர்ந்து சொன்னது. கூரை ஓடுகள் அதிர்ந்தன. அவள் முகத்தில் அழுகையில்லை, வெளிச்சம் இருந்தது.

“அண்ணே, அந்த வரி என் வயிற்றிலல்லவா இருக்கிறது!”

“வயிற்றில் இருந்தால் ஏனடா பசிக்கிறது?”

பூச்சி ஓட்டை விளிம்பில் வாயைப் பிளந்தபடி கேட்டுக்கொண்டே இருந்தது. அன்று பொழுது சாயும்வரை அது ஓர் எழுத்தையும் கடிக்கவில்லையாம்.

பல்லியே சொன்னது. பல்லி சொன்னால் நம்பத்தானே வேண்டும்!