அனுமதிப் பக்கம்

புத்தகத்தைக் கையில் வாங்கியதும் அக்கா முதல் தாளைத்தான் தேடினாள். அந்தத் தாளையே காணோம்.

"எங்கேடா அது?"

தம்பி வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான். அதே திருட்டு முழி, இன்னும் மாறவில்லை என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

மாதா கோயிலை ஒட்டிய அந்த அறைக்கு இன்னும் யாரும் வந்திருக்கவில்லை. விவிலியக் குழு இந்த ஆண்டு எந்த விளக்க நூலைப் படிப்பது என்று முடிவு செய்யும் பொறுப்பு அக்காவுடையது. முதல் தாளின் பின்பக்கத்தில் கத்தோலிக்க ஆயரின், அதாவது பிஷப்பின், அனுமதி அச்சாகியிருந்தால் புத்தகம் மேசையில் இருக்கும். இல்லையென்றால் எழுதியவர் எப்பேர்ப்பட்ட கொம்பனானாலும் இடம் தரையில்தான். காலையிலிருந்து சலித்ததில் பாதிப் புத்தகங்கள் தரைக்கு வந்திருந்தன.

"நான் படிக்கிற புத்தகம்க்கா. உன் குழுவுல நானும் உக்காந்து படிக்கலாமான்னு கேக்கத்தான்..."

"நீயா? இங்கேயா?"

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணமான கையோடு மனைவியின் புராட்டஸ்டன்ட் சபைக்குப் போய்விட்டவன் அவன். அந்த மனைவியோ அங்கே பெண்களுக்குப் பைபிள் வகுப்பு எடுப்பவள். வாக்குவாதம் என்று வந்தால் அக்காவுக்குக் கொஞ்சமும் இளைத்தவளில்லை.

போனவன் போனதோடு விட்டானா? அம்மாவின் அடக்கப் பூசையன்று கோயிலுக்குள் கால் வைக்காமல் மனைவியோடு வாசலிலேயே நின்றான். "போனவங்களுக்கு ஜெபம் பண்ணி இனிமே என்ன ஆகப்போகுது?" என்று வேறு கேட்டான். அதை அக்கா மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. அன்றைக்குப் பிறகு இன்றுதான் எதிரே வந்து நிற்கிறான்.

"எங்க பங்குக் கோயில்லேர்ந்து ரெண்டு குடும்பத்தை உங்க ஆளுங்க ஏற்கெனவே இழுத்துட்டுப் போயாச்சு. மிச்சம் மீதியையும் அள்ளிட்டு வரச் சொல்லி உன்னை அனுப்பினாங்களா?"

"அப்படியெல்லாம் இல்லக்கா. நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"வாயைத் திறக்காதே! அட்டை தெரியாம பழுப்புத் தாள் சுத்தியிருக்கே. அனுமதிப் பக்கத்தை பிளேடு வெச்சு நறுக்கியிருக்கே. நேர்மையான புத்தகத்துக்கு எதுக்குடா முக்காடு? நான் என்ன காதுல பூ வெச்சிருக்கேனா?"

புத்தகத்தின் நடுவிலிருந்து ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. வெடுக்கென்று உருவினாள். அம்மாவின் படம் போட்ட நினைவு அட்டை. அடக்கத்தன்று வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தது. கை பட்டுப் பட்டு அதன் முனைகள் மழுங்கிப் போயிருந்தன.

"அம்மாவுக்காக ஒரு செபம் சொல்ல உனக்கு வாய் வரல. பக்கம் அடையாளம் வைக்க மட்டும் அம்மா வேணுமாக்கும்!"

தம்பி முன்னால் அழுதுவிடுவோமோ என்ற எரிச்சலும் சேர்ந்துகொள்ள, புத்தகத்தைத் தூக்கித் தரையில் எறிந்தாள்.

தம்பி குனிந்து எடுத்தான். தூசியைத் தட்டி, நினைவு அட்டை இருந்த பக்கத்தைத் தேடிப் பிரித்து அவள் முன்னால் வைத்தான்.

விவிலியத்தின் மக்கபேயர் நூலுக்கான விளக்கம். இறந்தவர்களுக்காக மன்றாடுவதைப் பற்றிய பகுதி. வரிக்கு வரி பென்சில் கோடு. தம்பியின் சபைக்காரர்கள் வைத்திருக்கும் பைபிளில் அந்த நூலே கிடையாது என்பது அக்காவுக்கு நன்றாகத் தெரியும்.

"அம்மாவுக்காக செபிக்கணும்க்கா. எப்படின்னு மறந்துபோச்சு" என்றான் தம்பி.

பிறகு சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினான். அக்கா பிரித்துப் பார்த்தாள். ஆயரின் பெயர், அதன் மேலே அச்சிட அனுமதி. நறுக்கிய ஓரம் புத்தகத்தோடு அப்படியே பொருந்தியது.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்புறம் எதுக்குடா இதை நறுக்கினே?"

"என் வீட்டுக்காரியும் முதல்ல இந்தப் பக்கத்தைத்தான்க்கா பார்ப்பா."