பார்த்த பக்கம் திரும்பும் விளக்கு

ஓட்டுபவரின் கண் போகும் பக்கமெல்லாம் கார் விளக்கும் திரும்பத் தொடங்கிவிட்ட காலம் அது. கோவையில் அந்த விளக்குகளைச் சரிசெய்யும் பட்டறையில் வேலை பார்த்தாள் பூங்கோதை. செந்தூரன் மறுபடியும் காரோடு வந்து நின்றான்.

“லைட்டு நேராவே நிக்க மாட்டேங்குதுங்க.”

“உள்ளயே உக்காந்து, செவுத்துல போட்டிருக்கற கோட்டை மட்டும் பாருங்க,” என்று சொல்லிவிட்டு, ஸ்பேனர் எடுக்க அலமாரிப் பக்கம் நடந்தாள். இரண்டு விளக்குகளும் சுவரை விட்டுவிட்டு அவள் பின்னாலேயே போயின. அவள் திரும்பியபோது கூடவே திரும்பி வந்தன. பட்டறையே வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது. செந்தூரன் வெட்கத்தில் தலை குனிந்தான். வெளிச்சமும் தரையில் விழுந்தது.

“இறங்குங்க, நானே பாக்கறேன்,” என்று சிடுசிடுத்தபடி அவள் ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். அவன் வாசலோரம் போய் நின்றுகொண்டான்.

பூங்கோதை கோட்டையே முறைத்துப் பார்த்தாள். வெளிச்சமும் அங்கேயே நின்றது. பிறகு மெல்ல நகர்ந்து, அவன் செருப்பைத் தொட்டு, சட்டை வழியே ஏறி, முகத்தில் போய் நின்றுவிட்டது.

யாரோ விசிலடித்தார்கள். அவள் பட்டென்று விளக்கை அணைத்தாள்.

“சரியாயிருச்சுங்களா?” என்றான் அவன், கூசிய கண்ணைக் கசக்கிக்கொண்டே.

“இல்லீங்க. நாளைக்கும் கொண்டாங்க.”