கெமிஸ்ட்ரி சார் மாறிய கதை

"இன்னிக்கும் அந்த கெமிஸ்ட்ரி சார் கரும்பலகையோடதான் பேசினார், யாங்கோ அப்பா. எங்க பக்கம் திரும்பவே இல்லை."

தமாண்டா மக்காச்சோளக் களியான ந்சிமாவை உருட்டிப் பொரித்த மீனோடு வாயில் போட்டுக்கொண்டாள். எதிரே கணவன் லிம்பானியின் கை தட்டிலேயே நின்றது.

ஸோம்பா நகரில் ஒரு மருத்துவமனையில் தரை துடைப்பவள் தமாண்டா. நர்ஸ் ஆகியே தீருவதென்று நாற்பது வயதில் மாலைக் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். வேதியியல் தேறினால்தான் நர்சிங் இடம். போன வருடம் அதில்தான் கோட்டை விட்டாள். அவளோடு பாதி வகுப்பும்.

"இத்தனை வருஷமா பாடம் எடுக்கிறவருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சா?" லிம்பானி சுள்ளென்று கேட்டான்.

"அவருக்குப் பாடம் தெரியும். எங்களைத்தான் தெரியாது."

அவன் தட்டோடு எழுந்து போய்விட்டான். மறுநாள் தானாகவே ஆரம்பித்தான். "சரி, அவர் என்னதான் செய்யணும்கிறே?"

"ஒரு கேள்வி கேட்டுட்டு, கொஞ்ச நேரம் வாயை மூடிட்டு நிக்கட்டும். போதும்."

அந்த வாரமே சார் கேள்வி கேட்டாராம். ஆனால் வகுப்பு யோசிப்பதற்குள் பதிலையும் அவரே சொல்லிவிட்டாராம். தமாண்டாவுக்குச் சொல்லும்போதே சிரிப்புத் தாங்கவில்லை. எல்லோரும் மௌனமாகப் பார்க்கும்போது சும்மா நிற்பது லேசுப்பட்ட காரியமா என்று லிம்பானி முணுமுணுத்தான்.

பிறகு சார் நிற்கப் பழகினார். பக்கத்தில் இருப்பவரோடு பேசி விடை கண்டுபிடிக்கச் சொன்னார். இரைச்சல் தாங்காமல் அடுத்த வகுப்பு ஆசிரியர் சண்டைக்கு வந்தபோது, "இங்கே பாடம் நடக்குது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஒருநாள் தமாண்டா சாப்பிட உட்காராமலேயே பேசினாள். சார் செம்பருத்திச் சாறும் எலுமிச்சையும் சாம்பல் கரைத்த நீரும் கொண்டுவந்திருந்தார். எதில் விட்டால் சாறு என்ன நிறமாகும் என்று முதலில் ஊகிக்கச் சொன்னார். சாம்பல் நீரில் சிவப்பு பச்சையானதும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். சார் சாக்பீஸை நீட்டினார். வாங்கிக்கொண்டு எழுந்தவள் தமாண்டா.

"என் விளக்கத்துல ஒரு தப்பு இருந்துச்சு. அவர் திருத்தலை. பின் பெஞ்சுப் பொண்ணுதான் கண்டுபிடிச்சா. ரெண்டு பேரும் சேர்ந்து சரி பண்ணினோம்."

"அப்போ உங்க சார் என்ன செஞ்சார்?"

"ஜன்னல் பக்கம் திரும்பி நின்னுட்டார். கண்ணைத் துடைச்ச மாதிரி இருந்துச்சு."

"சாம்பல் விழுந்திருக்கும்" என்றான் லிம்பானி, தட்டைப் பார்த்தபடி.

தேர்வுத் தாள்கள் தலைநகரில் திருத்தப்பட்டு முடிவு வந்தது. மூன்றே பேர்தான் தவறியிருந்தார்கள். தமாண்டாவுக்கு நர்சிங் இடம் உறுதியானது.

பாராட்டுக் கூட்டத்தில் கல்லூரி முதல்வர் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "இப்படிப் பாடம் எடுக்க எந்தப் பயிற்சியில கத்துக்கிட்டீங்க, சார்?"

கெமிஸ்ட்ரி சார் ஒலிபெருக்கி முன் வந்து நின்றார். பழகிய பழக்கத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"எங்க வீட்டுச் சாப்பாட்டு மேசையில" என்றார் லிம்பானி. "சொல்லிக் கொடுத்தது, மூணாவது வரிசையில உட்கார்ந்திருக்கிற என் மனைவி."