சிவந்த கட்டம்

முதுகில் ஒட்டியிருந்த பட்டையைத் தோல் மருத்துவர் மெல்ல உரித்தார்.

முக்காலியில் உட்கார்ந்திருந்தவள் கார் ஓட்டக் கற்றுத் தருகிறவள். பின்னால் வருவதையெல்லாம் கண்ணாடியில் பார்த்தே பழகியவளுக்குத் தன் முதுகில் நடப்பது தெரியாதது பெரிய அவஸ்தையாக இருந்தது.

"டேய், என்னடா தெரியுது? வாயைத் திறந்து சொல்லேன்."

பின்னால் நின்ற தம்பி குனிந்து பார்த்தான்.

சில மாதங்களாக அவள் கன்னத்தின் உட்புறம் வலை பின்னியதுபோல வெள்ளைக் கோடுகள். காரம்கூட வேண்டாம், வெந்நீர் பட்டாலே எரிந்தது. சதையைக் கிள்ளி எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய் இல்லை என்று வந்ததும் வீடே மூச்சுவிட்டது.

அவள் மட்டும், அப்படியானால் அது என்னதான் என்று எல்லோரையும் துளைத்தெடுத்தாள்.

அதற்குத்தான் இந்தச் சோதனை. பல் அடைக்கிற பொருள்களைச் சிறு சிறு கட்டங்களில் வைத்து, முதுகில் ஒட்டி, இரண்டு நாள் விட்டிருந்தார்கள்.

ஒரே ஒரு கட்டம் சிவந்து தடித்திருந்தது.

"பாதரசம்" என்றார் மருத்துவர்.

அந்தக் கன்னத்தை உரசும் கடைவாய்ப் பல்லில் பழைய வெள்ளி அடைப்பு ஒன்று இருந்தது. அதில் பாதரசம் உண்டு. பெரும்பாலானோரின் உடம்பு அதைச் சட்டை செய்வதில்லை. சிலருக்கு மட்டும், உடம்பின் காவல்காரர்கள் பல வருஷம் கழித்துத் திடீரென்று அதை அந்நியன் என்று நினைத்து முறைக்க ஆரம்பிப்பார்கள். அடைப்பை மாற்றினால் அநேகமாகச் சரியாகிவிடும்.

"இத்தனை வருஷம் சும்மா இருந்துட்டு இப்ப என்ன வந்துச்சாம் அதுக்கு?" அவள் குரலில் பயம் போய், வம்பு கேட்கும் ஆர்வம் வந்திருந்தது.

"அது எங்களுக்கே சரியாத் தெரியாதும்மா." மருத்துவர் அவள் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். "ஆனா ஃபில்லிங் அருமையா இருக்கு. ஓரத்துல ஒரு விரிசல் இல்ல. யார் போட்டது?"

தம்பி தரையைப் பார்த்தான்.

பல் மருத்துவப் படிப்பின் கடைசிப் பரீட்சையில் நிஜ நோயாளி ஒருவருக்குப் பல் அடைத்துக் காட்ட வேண்டும். அன்று அவனுக்கு வரவேண்டிய நோயாளி வரவில்லை. சின்னச் சொத்தை ஒன்றை வைத்துக்கொண்டு காலம் கடத்திவந்த அக்கா, வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தாள்.

"இவன்தான் டாக்டர். அதுக்கு முதல் மார்க்கு வாங்கினான்" என்றாள், பெருமை ஒரு துளியும் குறையாமல். பிறகு தம்பி பக்கம் திரும்பினாள். "எடுக்கறதும் நீதான். வேற யாரும் என் வாயில கை வைக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

அவன் தலையாட்டினான்.

மருத்துவரிடம் டார்ச்சை வாங்கி, தனக்கு முதல் மார்க்கு வாங்கித் தந்த அடைப்பைக் குனிந்து பார்த்தான்.