மான் விதவை

டெல்பர்ட் மானைக் கொண்டுவந்து கார் ஷெட்டுக்குள், என் காருக்கு நேர் பின்னால், உத்திரத்தில் தொங்கவிட்டான்.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அவனுக்குக் கிடைத்த முதல் மான்.

என் கையில் கார் சாவி இருந்தது. அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சிரித்தேன். எந்தப் பெண்டாட்டியும் சிரித்தே ஆகவேண்டிய நாள் அது.

எங்கள் விஸ்கான்சின் பக்கம் நவம்பரில் ஒன்பது நாள் துப்பாக்கி வேட்டை. ஆண்கள் முக்கால்வாசிப் பேர் காட்டுக் குடிசைகளுக்குப் போய்விடுவார்கள். வீட்டில் மிஞ்சும் எங்களுக்கு மான் விதவைகள் என்று பெயர். மற்றவர்கள் ஒன்பது நாளும் புலம்பித் தீர்ப்பார்கள். நான் வருடம் முழுக்க அந்த ஒன்பது நாளுக்காகத்தான் காத்திருப்பேன்.

டெல்பர்ட் அடிக்கிறவன் இல்லை. கை ஓங்கியதுகூடக் கிடையாது.

பால் வாங்கப் போனால் எத்தனை நிமிடமாகும் என்று அவனுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். நான் வேலை செய்யும் பேக்கரிக்குப் பத்து மணிக்கு ஒரு போன், இரண்டு மணிக்கு ஒரு போன். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, உள்ளே என்ன செய்கிறாய் என்று கேட்பான். இதைப் போய் யாரிடம் சொல்வது? உன்மேல் அத்தனை பாசம் என்பார்கள்.

இந்த வருடம் முடிவு செய்துவிட்டேன். வியாழக்கிழமை அவன் தோட்டா வாங்கப் போயிருந்த நேரத்தில் இரண்டு பெட்டிகளைக் கார் டிக்கியில் ஏற்றினேன். டுலூத் நகரத்தில் இருக்கும் தங்கை லினெட்டிடம் சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவைத்தேன். நான்கு மணி நேர ஓட்டம். வெள்ளிக்கிழமை மதியம் டெல்பர்ட் குடிசைக்குக் கிளம்பிப் போனான்.

நானும் அன்றைக்கே கிளம்பியிருக்கலாம். பயம் விடவில்லை. எதையாவது மறந்துவிட்டேன் என்று பாதி வழியில் திரும்புவது அவன் வழக்கம். ஒரு வருடம் கையுறை, இன்னொரு வருடம் கத்தி. சனிக்கிழமை விடிந்து, காட்டில் முதல் வெடி கேட்டுவிட்டால் அப்புறம் அவன் இடத்தைவிட்டு அசைய மாட்டான். ஒன்பதாம் நாள் இருட்டும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு வெறுங்கையோடு வருவான். எனக்குத் தெரிந்து ஒருமுறைகூட இது தவறியதில்லை.

வெடி கேட்டது. பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, பத்து மணிக்குச் சாவியை எடுத்தேன். அவனுடைய பிக்கப் வண்டி வாசலில் வந்து நின்றது.

பக்கத்து வீட்டு ஆர்லனுக்கு முழங்கால் வலி, இந்த வருடம் வேட்டை இல்லை. மானைப் பார்த்ததும் பீர் டப்பாவோடு நொண்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"பன்னெண்டு வருஷமா மரத்தைச் சுட்டவன் நீ. மானுக்கே பாவமாப் போயி, தானா வந்து நின்னுருச்சா?"

"ஒரே குண்டு," என்றான் டெல்பர்ட்.

"அது சரி, இதை எதுக்குடா ஷெட்டுக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்க? வாசல் மரத்துல தொங்கவிட்டாத்தானே ஊரு பாக்கும்."

"நாய்ங்க இழுத்துரும்."

ஆர்லன் என் பக்கம் திரும்பினார். "ஊர்ல அத்தனை பேரும் விதவையா கெடக்கறாளுக. நீ மட்டும் தப்பிச்சுட்டம்மா."

டெல்பர்ட் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன்.

அவர் போனதும் டெல்பர்ட் என் தோளில் கை வைத்தான். "கறி பதமாகணும் ட்ரூடி. ஒரு வாரம் தொங்கட்டும். அதுவரைக்கும் காரை எடுக்காத. எங்க போகணும்னாலும் சொல்லு, நான் கூட்டிட்டுப் போறேன்."

காபி போட உள்ளே போனான்.

நான் காருக்கும் மானுக்கும் நடுவில் நின்று இடைவெளியை அளந்தேன். சுவரோரம் தள்ளிக் கட்டினால் கார் வெளியே வந்துவிடும் என்று தோன்றியது. இரண்டு கையாலும் தள்ளினேன். விறைத்துப்போன உடம்பு கொஞ்சம் விலகி, திரும்பி வந்து என் நெஞ்சில் இடித்தது. கயிற்று முடிச்சையாவது அவிழ்க்கலாம் என்று சுவர்ப் பக்கமாக உடம்பை நுழைத்துப் போனேன்.

அந்தப் பக்கம்தான் காயம் இருந்தது.

என் அப்பா இறைச்சிக் கடைக்காரர். நவம்பர் மாதமெல்லாம் அவர்கூட நின்று மான் உரித்து வளர்ந்தவள் நான். குண்டு துளைத்தால் உருண்டையாக ஒரு ஓட்டை இருக்கும், சுற்றிலும் சதை கன்றிப்போயிருக்கும். இங்கே விலாவில் மூன்று மெல்லிய வெட்டுகள் ஒரு புள்ளியில் சேர்ந்திருந்தன. சவர பிளேடால் கீறியதுபோல அத்தனை சுத்தம்.

அம்பு. வேட்டை அம்பின் முனையில் மூன்று பிளேடு இருக்கும்.

டெல்பர்ட்டுக்கு வில்லைப் பிடிக்கவே தெரியாது. எங்கள் சொந்தத்தில் வில்லோடு வேட்டைக்குப் போகிறவன் அவனுடைய அண்ணன் கோர்டன் ஒருவன்தான்; வில் வேட்டை செப்டம்பரிலேயே தொடங்கிவிடும்.

முதல் நாளே ஒருவன் வீடு திரும்ப வேண்டுமானால், ஊருக்குக் காட்ட ஒரு மான் வேண்டும். இது இரவல் மான்.

நிமிர்ந்து பார்த்தேன். டெல்பர்ட் ஷெட் வாசலில் இரண்டு காபிக் கோப்பைகளோடு நின்றிருந்தான். என் விரல் எங்கே இருக்கிறது என்று பார்த்தான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"லினெட்டுக்குக் காலையிலயே போன் பண்ணிட்டேன்," என்றான். "வியாழக்கிழமை ராத்திரியே டிக்கியில பெட்டியைப் பாத்துட்டேன். பாவம், அவ வீணா காத்துக்கிட்டிருப்பாளே. நீ வரலைன்னு சொல்லிட்டேன்."